பெடல்தான் தப்பு

லாம்பெர்ட் ஸ்விங்கல்ஸ் ஞாயிற்றுக்கிழமைகளில் கிராமக் கால்பந்து ஆட்டங்களுக்கு நடுவராகப் போவான். காரை வாசலைப் பார்த்து நிறுத்திவிட்டுத்தான் மைதானத்துக்குள் நுழைவான். கடைசி விசில் ஊதிய பிறகு அங்கே நிற்பது அவனுக்கு நல்லதல்ல. கோட்டுக்கு வெளியிலிருந்து பந்தை எறிகிறவனின் பின்கால் லேசாக எழும்பினாலும் ஊதிவிடுவான். எதிரணிக்காரனே "போகட்டும், விடுய்யா" என்றாலும் விடமாட்டான். ஹெல்மொண்ட் ஊரைச் சுற்றியுள்ள கிளப்புகளில் அவன் பெயரையே வசையாக வைத்திருந்தார்கள். சீட்டாட்டத்தில் அற்பத் தவறைச் சுட்டிக்காட்டுகிறவனை "போடா ஸ்விங்கல்ஸ்" என்பார்கள்.

அவனுக்கு இது தெரியும். தெரிந்ததில் கொஞ்சம் திருப்தியும் உண்டு. அவன் அப்பா நெசவாலையில் மேஸ்திரியாக இருந்தவர். அவரையும் யாருக்கும் பிடிக்காது.

வாரநாட்களில் ஐந்தோவன் நகருக்கு வடக்கே, கால்வாய் ஓரத்துத் தொழிற்சாலையில் வேலை. ஆஸ்பத்திரிகளுக்கு எக்ஸ்ரே இயந்திரம் செய்கிறார்கள். இதய நோயாளி மேஜையில் படுத்திருப்பார். வளைந்த ஒரு பெரிய கை அவரைச் சுற்றி நகரும். டாக்டர் காலடியில் ஒரு பெடல்; மறுபக்கம் இன்னொரு டாக்டர் நின்றால் அவருக்கும் ஒன்று. மிதித்தால் கதிர் பாயும், எடுத்தால் நிற்கும். அந்தக் கைக்கும் மேஜைக்கும் பெடலுக்கும் லாம்பெர்ட்தான் மென்பொருள் எழுதுகிறான். எழுதுகிறான் என்று சொன்னால் அவனுக்குக் கோபம் வரும். வரைகிறான்.

முன்பு எழுதிக்கொண்டுதான் இருந்தான். எல்லோரையும்போல வரி வரியாகக் கோட். அப்போது ஓர் ஆஸ்பத்திரியில், சுவரோரம் இருந்த பொத்தானை நர்ஸும் மேஜையோரப் பொத்தானை டாக்டரும் ஒரே நேரத்தில் அழுத்தியிருக்கிறார்கள். மேஜை, மேலே கிடந்த ஆளோடு, இறங்கிக்கொண்டே போனது. யாருக்கும் அடிபடவில்லை. காரணம் கண்டுபிடிக்க மாதக்கணக்கில் ஆனது. கண்டுபிடித்தவன் சோதனைக்கூடத்து டீனுஸ் ஹுர்க்மன்ஸ். அறிக்கையில் காரணம் என்ற இடத்தில் பழுதான பகுதியின் பெயரை எழுதுவதுதான் வழக்கம், ஆளின் பெயரை அல்ல. டீனுஸ் 'ஸ்விங்கல்ஸ்' என்று எழுதினான். டீனுஸ் வேறு யாருமில்லை, லாம்பெர்ட்டின் மனைவி கெர்டீயின் தம்பி.

அதற்குப் பிறகு லாம்பெர்ட் கோட் எழுதவில்லை. மாடல் வரையும் சிறு குழுவுக்கு மாறினான். மாடல் என்றால் கட்டம் கட்டமாக ஒரு பெரிய அட்டவணை. இயந்திரம் இருக்கக்கூடிய ஒவ்வொரு நிலையும் ஒரு பக்கம்; வரக்கூடிய ஒவ்வொரு சமிக்ஞையும் மறுபக்கம். இந்த நிலையில் இது வந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொரு கட்டத்திலும் எழுதியாக வேண்டும். காலியாக விட முடியாது. எழுதி முடித்தால் செக்கர் என்ற நிரல் எல்லா வழிகளிலும் நடந்து பார்க்கும். எது எந்த வரிசையில் வந்தால் இயந்திரம் மாட்டிக்கொள்ளும் என்று தேடும். மாட்டினால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை. பச்சை வந்ததும் கோட் தானாக உருவாகிவிடும். மனிதக் கை அதில் படாது.

படக்கூடாது. அந்தக் கோட் வரிகளைத் திறந்து யாராவது ஒரு எழுத்தை மாற்றினால் மாடி முழுவதற்கும் செர்ரிப்பழ ஃப்ளாய் வாங்கித் தரவேண்டும் என்று லாம்பெர்ட் அபராதம் வைத்திருந்தான். கேக்குக்கு ஆசைப்பட்டு மற்றவர்களும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அவனை ஒப்புக்கொள்ளவில்லை. கோட் எழுதுகிறவன் யாரைப் பார்த்தாலும், "நீ தப்பே பண்ணலைன்னு நிரூபிக்க முடியுமா? என்னால முடியும்" என்று ஆரம்பித்துவிடுவான். அவனுக்குப் போப்பாண்டவர் என்று பெயர் வைத்தார்கள். காபி இயந்திரத்தருகே அவன் தலை தெரிந்தால் கூட்டம் கலையும்.

மாடலில் ஒரு கட்டத்தில் இன்னொன்றும் எழுதலாம்: 'வராது'. இந்த நிலையில் இந்தச் சமிக்ஞை வரவே வராது என்று பொருள். வராது என்று எழுதியது வந்துவிட்டால் இயந்திரம் அப்படியே உறைந்துவிடும். அதற்குமேல் ஒன்றையும் நம்பிச் செய்ய முடியாதல்லவா.

பெடலைப் பற்றி லாம்பெர்ட் அப்படி ஒன்று எழுதியிருந்தான். கால் எடுத்தாகிவிட்ட நிலையில் மறுபடி 'விட்டது' என்று பெடல் சொன்னால்? முதலில் அங்கே ஒரு செயலை எழுதிப் பார்த்தான். செக்கர் சிவப்பாகக் கொட்டியது. ஒன்றை மூடினால் வேறொன்று. பெடல் செய்த கம்பெனி கொடுத்த விவரத்தில், ஒரு மிதிக்கு ஒரு 'விட்டது'தான் வரும் என்று இருந்தது. 'வராது' என்று எழுதினான். பச்சை வந்தது. இரண்டு வருடமாக அந்தப் பச்சையைத்தான் எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தான். அதை ஏமாற்று என்று அவன் நினைக்கவில்லை. வாக்குக் கொடுத்தவன் காப்பாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

வசந்தகாலத்தில் டீனுஸ் சோதனைக்கூடத்திலிருந்து போன் பண்ணினான்.

"மச்சான், பாதிரியார் மாட்டிக்கிட்டாரு. வந்து ஆசீர்வாதம் பண்ணு."

பாதிரியார் என்பது மேஜையில் கிடக்கும் பொம்மை. கைகளை வயிற்றின்மேல் கோத்துப் படுத்திருக்கும். லாம்பெர்ட் போனபோது இயந்திரத்தின் கை பொம்மையின் முகத்துக்கு மேல் அசையாமல் நின்றது.

"என்ன பண்ணினே?"

"பெடல்லேர்ந்து காலை எடுத்தேன். அதுக்கு உன்கிட்ட அனுமதி வாங்கணுமா?"

லாம்பெர்ட் திரையைப் பார்த்தான். விட்டது, விட்டது என்று அடுத்தடுத்து இருந்தது.

"பெடல்தான் தப்பு" என்றான்.

"என்னது?"

"ஒருதரம் காலை எடுத்தா ஒருதரம்தான் சொல்லணும். இது ரெண்டுதரம் சொல்லுது. மாடல்ல தப்பில்லை. பெடல்தான் தப்பு."

டீனுஸ் குனிந்து பெடலைக் கையில் தூக்கினான். "கேட்டியாடா? நீதான் தப்பாம். போப்பாண்டவர் சொல்றாரு. மண்டி போட்டு மன்னிப்பு கேளு."

சோதனைக்கூடத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். லாம்பெர்ட் சிரிப்பு அடங்கும்வரை நின்றுவிட்டு, "பெடலை மாத்தச் சொல்லு" என்று சொல்லிவிட்டுப் போனான்.

பெடல் கம்பெனிக்கு அவனே எழுதினான். ஸ்பிரிங் தேய்ந்தால் எல்லாப் பெடலும் இப்படித் துள்ளும், எங்களுடையதும் அப்படித்தான், உங்களிடம் முன்பிருந்ததும் அப்படித்தான் என்று பதில் வந்தது. விவரத்தில் அப்படி இல்லையே என்று மறுபடி எழுதினான். அதற்குப் பதில் வரவில்லை.

மார்லூஸ் அவனைக் கூப்பிட்டாள். அந்தப் பிரிவுக்குத் தலைவி. வடக்கே ஃப்ரீஸ்லாந்திலிருந்து வந்தவள். நலம் விசாரிக்கிற பழக்கம் இல்லை.

"டீனுஸ் ஒரு வரி போடறான். அதோட ஆஸ்பத்திரிக்கு அனுப்பறோம்."

"எங்க போடறான்?"

"கோட்ல."

"அதுல யாரும் கை வைக்கக்கூடாது. மாடல்ல மாத்தித்தான்—"

"மாடல்ல மாத்த எவ்வளவு நாளாகும்?"

லாம்பெர்ட் யோசித்தான். அந்த 'வராது'வை எடுத்தால் அடியிலிருந்து என்னவெல்லாம் கிளம்பும் என்று அவனுக்குக் கொஞ்சம் தெரியும். "சொல்ல முடியாது" என்றான்.

"அவனுக்கு ஒரு மத்தியானம் போதுமாம். இயந்திரத்தை அனுப்பினதும் மாடல் குழுவைக் கலைக்கறோம், லாம்பெர்ட். வரைஞ்சதையெல்லாம் எடுத்து வை, பாக்கறவங்க பாத்துக்கட்டும். இனிமே நேரா கோட்தான்."

"அப்ப நான்?"

"உனக்குத்தான் எழுதத் தெரியுமே. எழுது."

மறுநாள் காலை டீனுஸ் பெரிய அட்டைப்பெட்டியோடு மாடியேறி வந்தான். லாம்பெர்ட்டின் மேஜைமேல் வைத்துத் திறந்தான். செர்ரிப்பழ ஃப்ளாய்.

"அபராதம் மச்சான். கை வெக்கறதுக்கு முன்னாடியே கட்டிடறேன். கடன் வெச்சா எனக்குத் தூக்கம் வராது."

எல்லோரும் தட்டோடு சூழ்ந்துகொண்டார்கள். விசைப்பலகைமேல் மாவுத்தூள் உதிர்ந்தது. லாம்பெர்ட் வாங்கிக்கொள்ளவில்லை. எல்லோரும் தின்று முடிக்கும்வரை எழுந்து போகவுமில்லை.

அந்த வாரக் கடைசியில் கெர்டீயின் பிறந்தநாள். வரவேற்பறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டிருந்தாள். அந்த ஊர் வழக்கப்படி, வருகிறவர்கள் பிறந்தநாள்காரியை மட்டுமல்ல, வட்டத்தில் உட்கார்ந்திருக்கும் ஒவ்வொருவரையும் கைகுலுக்கி வாழ்த்த வேண்டும். டீனுஸ் லாம்பெர்ட்டின் கையைப் பிடித்தான், விடவில்லை.

"உன் பெண்டாட்டி பிறந்தநாளுக்கு வாழ்த்துகள் மச்சான். இத்தனை வருஷம் உன்னோட இருந்ததுக்கு எங்கக்காவுக்கு ஆஸ்பத்திரியில ஒரு கட்டில் ரிசர்வ் பண்ணிவெக்கலாம்."

"கையை விடு."

"வரைஞ்சு காட்டு, விடறேன்."

கெர்டீ காபிக் கோப்பைகளோடு வந்தாள். "ரெண்டு பேரும் வாயை மூடிக்கிட்டுச் சாப்பிடுங்க. இல்லைன்னா ரெண்டு பேரும் தோட்டத்துல உக்காருங்க, மழை பெய்யுது."

மூடவில்லை. டீனுஸ் ஓர் அத்தையிடம், எல்லோருக்கும் கேட்கும்படி, கதை சொன்னான். மச்சான் இரண்டு வருடம் படம் போட்டதையும், ஒரு கிழட்டுப் பெடல் அதைக் கவிழ்த்ததையும், தான் ஒரே ஒரு வரியில் சரி செய்ததையும். அத்தைக்கு ஒன்றும் புரியவில்லை, ஆனால் சரியான இடங்களில் சிரித்தாள்.

"என்ன வரி?" என்றான் லாம்பெர்ட்.

"ஆ, இப்பத்தான் பாடம் கேக்கறியா? ஒரு 'விட்டது' வந்து அரை வினாடிக்குள்ள இன்னொரு 'விட்டது' வந்தா, அது ஸ்பிரிங் துள்ளினது. தூக்கிப் போடு. தீந்துச்சு. வாரம் பூரா மிதிச்சுப் பாத்துட்டேன். ஒருதரம் நிக்கலை."

"நடுவுல அழுத்தினா?"

"எதுக்கு நடுவுல?"

"விட்டு, அழுத்தி, திரும்ப விட்டா. அரை வினாடிக்குள்ள."

"அரை வினாடிக்குள்ளயா? டாக்டர் என்ன பெடல்மேல டான்ஸா ஆடப் போறாரு? அப்படியெல்லாம் வராது."

லாம்பெர்ட் தட்டைக் கீழே வைத்தான். அவன் முகத்தைப் பார்த்த கெர்டீ சமையலறைக்கு அவனைப் பின்தொடர்ந்து வந்தாள்.

"என்ன சிரிக்கிறே?"

"சிரிக்கலையே."

"எனக்குத் தெரியும் அந்தச் சிரிப்பு. அவனை என்ன பண்ணப் போறே?"

"உன் தம்பியை நான் ஒண்ணும் பண்ண வேண்டாம்" என்று ஒரு தம்ளர் தண்ணீர் பிடித்துக் குடித்தான்.

திங்கட்கிழமை டீனுஸின் வரியை மாடலில் ஏற்றினான். அது போய் உட்காரவேண்டிய இடம் அந்த 'வராது' என்ற கட்டம். அதை அழிக்காமல் இதை எழுத முடியாது. அழித்தான், எழுதினான், செக்கரை ஓட்டினான்.

சிவப்பு. முதலில் வந்தது டீனுஸினுடையது: விட்டது, அழுத்தியது, விட்டது. கடைசி 'விட்டது' துள்ளல் என்று தூக்கியெறியப்படுகிறது. கால் பெடலில் இல்லை, கதிர் நிற்கவில்லை. நோயாளிமேல் பாய்ந்துகொண்டே இருக்கும்.

அதற்குக் கீழே லாம்பெர்ட்டுடையவை வந்தன. கட்டம் திறந்ததும், இரண்டு வருடமாக அடியில் கிடந்தவையெல்லாம் வரிசையாக மேலே ஏறின. கை நகரும்போது, அரை வினாடி தாண்டி இரண்டாவது 'விட்டது' வந்தால் பூட்டு தளர்கிறது. கதிர் தயாராகும்போது வந்தால் எல்லாம் ஒன்றையொன்று எதிர்பார்த்து நிற்கின்றன. மேஜை இறங்கும்போது வந்தால் மேஜை இறங்கிக்கொண்டே போகிறது. கடைசியாகச் சொன்னதை அவன் பலமுறை படித்தான். அதற்காகத்தான் கோட் எழுதுவதை விட்டவன் அவன்.

தனியாக முதல் சிவப்பை மட்டும் காட்ட வழியில்லை. மார்லூஸ் தன் எதிரில் ஓட்டச் சொல்வாள். காட்டினால், மாடல் குழுவைக் கலைக்க அவளுக்கு அவனே காரணம் எடுத்துக் கொடுத்ததாகும். காட்டாவிட்டால் டீனுஸின் வரி ஆஸ்பத்திரிக்குப் போகும். முன்பின் தெரியாத யாரோ ஒருவர் மேஜையில் படுப்பார். லாம்பெர்ட் அந்த ஆளைப் பற்றி நினைத்தான் என்று சொன்னால் பொய்யாகும். அவன் நினைத்தது அத்தையின் சிரிப்பை.

போனை எடுத்து இருவரையும் வரச்சொன்னான்.

மார்லூஸ் நின்றபடியே திரையைப் பார்த்தாள். டீனுஸ் ஜன்னல்மேல் சாய்ந்திருந்தான்.

"இது படம்" என்றாள் மார்லூஸ். "நிஜத்துல நடக்குமா?"

சோதனைக்கூடத்துக்குப் போனார்கள். கதிர்க் குழாய்க்கு மின்சாரம் இல்லை. கதிர் இருந்தால் எரியவேண்டிய மஞ்சள் விளக்கு மட்டும் எரியும். லாம்பெர்ட் பெடல்மேல் காலை வைத்து எடுத்தான், வைத்தான், எடுத்தான். விளக்கு அணைந்தது. மறுபடி செய்தான். அணைந்தது. அவன் கால் அவ்வளவு வேகமில்லை.

"நல்லா ஆடறே மச்சான்" என்றான் டீனுஸ். "கார்னிவல் ஊர்வலம் முடிஞ்சு போச்சே, முன்னாடியே சொல்லியிருக்கக்கூடாதா? ரதத்துல ஏத்தியிருப்போம்."

லாம்பெர்ட்டுக்கு வியர்த்தது. இன்னும் வேகமாக மிதித்தான். விளக்கு அணைந்தது.

"நகரு" என்றாள் மார்லூஸ்.

அவள் தோல் அடிப்பாகம் வைத்த செருப்பு போட்டிருந்தாள். பெடலை மிதித்தாள், விளக்கு எரிந்தது. வேகமாக எடுக்கப் போனபோது கால் விளிம்பில் சறுக்கியது; விழாமலிருக்க மறுபடி ஊன்றினாள்; அதுவும் நழுவியது. தள்ளாடிப் பாதிரியாரின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டு கால்களும் தரையில் இருந்தன. மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. டீனுஸ் முன்னால் வந்து சுவரிலிருந்த சிவப்புப் பொத்தானைக் கைமுட்டியால் குத்தினான். அணைந்தது.

"வராதுன்னியே" என்றான் லாம்பெர்ட்.

"வாயை மூடு."

"வந்துடுச்சு மாப்ளே."

"வாயை மூடுன்னேன்."

மார்லூஸ் செருப்பைச் சரிசெய்துகொண்டாள். "இது டீனுஸோடது. கீழ இருந்த மிச்சமெல்லாம் யாரோடது?"

லாம்பெர்ட் சொன்னான்.

"அப்ப ரெண்டு வருஷமா எனக்குப் பச்சைன்னு காட்டினது?"

"பெடல் ஒழுங்கா இருந்தா பச்சைதான்."

"பெடல் ஒழுங்கா இல்லை."

"அது பெடலோட—"

"அந்த வாக்கியத்தை முடிச்சேன்னா இன்னிக்கே வீட்டுக்குப் போயிடலாம் நீ."

முடிக்கவில்லை. விளக்கு அணைந்த பிறகு டீனுஸ் முதல்முறையாகச் சிரித்தான்.

"நீயும்தான்" என்றாள் அவனைப் பார்த்து. "ஆஸ்பத்திரிக்காரங்களுக்கு நான் போன் பண்ணி, இயந்திரம் இப்ப இல்லைன்னு சொல்றேன். குழுவைக் கலைக்கலை. இவனைப் பிடிச்சதால இல்லை. ஒரு வாரம் நீ மிதிச்சும் தெரியாதது, கட்டத்தை ஒழுங்கா எழுதினதும் தெரிஞ்சுது. அதனால மாடல்லதான் செய்யறோம். ஆனா லாம்பெர்ட் தனியா ஒரு 'வராது' எழுதக்கூடாது. எங்கெங்க எழுதியிருக்கானோ, ஒண்ணொண்ணையும் நீ பக்கத்துல உக்காந்து பாக்கறே. நீ ஒத்துக்கிட்டாத்தான் இருக்கலாம்."

"நான் பெயிண்டிங் கிளாஸுக்கெல்லாம் வரமாட்டேன்."

"வருவே. அந்த வரியை யார் போட்டாங்கன்னு கேட்டா நான் பகுதியோட பேரைச் சொல்லமாட்டேன்."

டீனுஸ் நாற்காலியை இழுத்துக்கொண்டு வந்து லாம்பெர்ட்டின் மேஜையருகே போட்டான். பெடலையும் கொண்டுவந்து நடுவே தரையில் வைத்தான். அவனிடம் வெங்காய வாசனை அடித்தது. லாம்பெர்ட் ஜன்னலைத் திறந்தான். டீனுஸ் எழுந்து போய் மூடினான்.

"முதல் கட்டம்" என்றான் லாம்பெர்ட். "மேஜை நகரும்போது பெடல் 'அழுத்தியது'ன்னு சொல்லாது."

"ஏன்?"

"மேஜை நகர்ந்தா பெடலுக்குப் பூட்டு விழும்."

"பூட்டு வேலை செய்யலைன்னா?"

"செய்யும்."

"யார் சொன்னது?"

"பூட்டு செஞ்ச கம்பெனி."

டீனுஸ் பெடலை ஒரு மிதி மிதித்துவிட்டு லாம்பெர்ட்டின் முகத்தையே பார்த்தான். லாம்பெர்ட் அந்த 'வராது'வை அழித்தான். செக்கரை ஓட்டினான். சிவப்பு. அதற்கு வழி எழுதி முடிக்க மத்தியானம் ஆகிவிட்டது. சாப்பாட்டுக்கு இருவரும் வேறு வேறு வாசல் வழியாகப் போய் வந்தார்கள்.

சாயங்காலம் மாடி காலியானது. அடுத்த கட்டம் இன்னும் திறந்திருந்தது. டீனுஸ் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு நின்றான்.

"இது பரவாயில்லை. கை நிக்கும்போது ரெண்டு டாக்டர் ரெண்டு பெடலை மிதிக்க மாட்டாங்க. 'வராது'ன்னே இருக்கட்டும். நான் ஒத்துக்கறேன். கெளம்பு."

"ஏன் வராது?" என்றான் லாம்பெர்ட்.

"மணி பாத்தியா?"

"ஏன் வராதுன்னு கேட்டேன்."

டீனுஸ் அவனை ஒரு கெட்ட வார்த்தை சொல்லித் திட்டினான். பிறகு ஜாக்கெட்டைக் கழற்றி நாற்காலிமேல் எறிந்துவிட்டு, இரண்டாவது பெடலை எடுத்துவரச் சோதனைக்கூடத்துக்குப் போனான்.